என் வீடு, உங்கள் வீடு, நம் வீடு
(ஸ்பானிஷ் மொழியில் உடைமையைச் சொல்லும் விதம்)

போன குளிர்காலத்தில் ஒரு நாள். கல்லூரியில் படிக்கும் என் பேத்தி, சாப்பாட்டு மேஜையில் நோட்டுப் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு முகத்தைச் சுளித்துக்கொண்டிருந்தாள். மாலை வகுப்பில் ஸ்பானிஷ் மொழி கற்க ஆரம்பித்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. "தலை வலிக்கிறது" என்பதை ஸ்பானிஷில் எழுதச் சொல்லியிருக்கிறார்கள். அவள் 'மி காபேசா துவேலே' என்று எழுதியிருந்தாள். ஆசிரியை சிவப்பு மையால் ஒரு கோடு போட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

"மி என்றால் என்னுடைய. காபேசா என்றால் தலை. துவேலே என்றால் வலிக்கிறது. இதில் என்ன தப்பு தாத்தா?" என்றாள்.

"உனக்குத் தலை வலித்தால் பாட்டியிடம் என்ன சொல்லுவாய்?"

"எனக்குத் தலை வலிக்கிறது பாட்டி."

"என்னுடைய தலை வலிக்கிறது என்று சொல்லுவாயா?"

சிரித்துவிட்டாள். "அப்படி யாரும் சொல்ல மாட்டார்கள்."

"ஸ்பானிஷ்காரனும் சொல்ல மாட்டான்!"

சரியான வாக்கியம் 'மே துவேலே லா காபேசா'. 'மே' என்றால் எனக்கு. எனக்கு வலிக்கிறது தலை. சொற்களின் வரிசைதான் வேறு. எண்ணம் அப்படியே நம்முடையது. அவள் தவறு செய்ததற்குக் காரணம், ஆங்கிலத்தின் வழியாக ஸ்பானிஷுக்குப் போனது. தமிழ் வழியாகப் போயிருந்தால் நேரே போய்ச் சேர்ந்திருப்பாள்.

நான் மொழி வல்லுநன் அல்லன். ஓய்வு பெற்ற பின் பொழுது போக வேண்டுமே என்று பேத்தியின் பாடப் புத்தகத்தைக் கூடவே படித்து வருபவன். ஆனால் அன்றிலிருந்து ஒரு பாடத்தை மட்டும் ஊன்றிக் கவனித்தேன். 'இது யாருடையது?' என்பதை ஸ்பானிஷ் மொழி எப்படிச் சொல்கிறது என்பதே அது. தமிழும் இந்தியும் தெரிந்த நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு இந்தப் பாடம் மற்றவர்களைவிடச் சுலபமாக வரும் என்பது என் எண்ணம். சுமார் 20 நாடுகளில் ஆட்சிமொழியாக இருக்கும் மொழி இது. தில்லியில் ஸ்பெயின் நாட்டுச் செர்வாந்தஸ் நிறுவனம் 2009 முதல் இயங்குகிறது. ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகத்திலும் கற்பிக்கிறார்கள். நம் குடும்பங்களில் இதைப் படிக்கப் போகும் பிள்ளைகள் சிலராவது இருப்பார்கள் என்று நம்பி எழுதுகிறேன்.

முதலில் உச்சரிப்பு பற்றி ஒரு சொல். ஸ்பானிஷ் சொற்களைத் தமிழ் எழுத்திலேயே தந்திருக்கிறேன். 'உன்' என்று பொருள்படும் 'து'வைத் 'துணி'யில் உள்ள து போல அழுத்திச் சொல்லவேண்டும். உடைமையைக் காட்டும் 'தெ'யைத் 'தேசம்' என்பதில் உள்ளது போல மென்மையாகச் சொல்லவேண்டும்.

கண்ணாடியில் தெரியும் தமிழ்

ஆங்கிலத்தில் உடைமையைக் காட்ட இரண்டு வழிகள். பெயருக்குப் பின் மேற்புள்ளியும் 'எஸ்'ஸும் போடுவது ஒன்று. 'ஆஃப்' போடுவது இன்னொன்று. ஸ்பானிஷில் இரண்டாவது மட்டும்தான். அதற்குரிய சொல் 'தெ'. ராமனின் புத்தகம் என்பதை 'எல் லீப்ரோ தெ ராமன்' என்று சொல்லவேண்டும். லீப்ரோ என்றால் புத்தகம். 'எல்' என்பது ஆண்பாற் பெயர்ச்சொல்லுக்கு முன் வரும் சுட்டு, பெண்பாலுக்கு 'லா'. பன்மையில் 'லோஸ்', 'லாஸ்'.

தமிழில் உடையவர் முன்னே, உடைமை பின்னே. ஸ்பானிஷில் உடைமை முன்னே, உடையவர் பின்னே. கண்ணாடியில் பார்ப்பது போல எல்லாம் திரும்பியிருக்கும். நம்மவர்களுக்கே உரிய ஒரு நீண்ட உறவுத்தொடரை எடுத்துக்கொள்வோம். என் தம்பியின் மனைவியின் அண்ணன். இதை வால் பக்கத்திலிருந்து படித்துக்கொண்டே போனால் ஸ்பானிஷ் தானே வந்துவிடும்: 'எல் எர்மானோ தெ லா எஸ்போசா தெ மி எர்மானோ.' அண்ணனும் தம்பியும் அவர்களுக்கு ஒரே 'எர்மானோ'தான். மூத்தவர், இளையவர் என்று சொல்ல வேண்டுமானால் தனியாக ஒரு சொல் சேர்ப்பார்கள்.

ஒரே ஒரு சந்தி விதி. 'தெ'யும் 'எல்'லும் அடுத்தடுத்து வந்தால் 'தெல்' என்று ஒட்டிக்கொள்ளும். டாக்டரின் வீடு: 'லா காசா தெல் மேதிகோ'. சந்தி படித்த நமக்கு இதுவா கஷ்டம்!

பெயரிலும் உடைமை

உறவைப் பெயரிலேயே ஏற்றிச் சொல்வது நமக்குப் பழக்கமானது. அப்பாவின் பெயரின் முதலெழுத்தை நம் பெயருக்கு முன்னால் போட்டுக்கொள்கிறோம். வட இந்திய அலுவலகங்களில் "உங்கள் சர்நேம் என்ன?" என்று கேட்டுப் படுத்துவது நம்மில் எல்லோரும் அனுபவித்ததே.

ஸ்பானிஷ்காரர்கள் வழக்கமாக இரண்டு குடும்பப் பெயர்கள் வைத்துக்கொள்கிறார்கள். முதலாவது தந்தை வழி, இரண்டாவது தாய் வழி. 1982-இல் நோபல் பரிசு பெற்ற கொலம்பிய எழுத்தாளர் கப்ரியேல் கார்சியா மார்கேஸ் பெயரில் கார்சியா தந்தையுடையது, மார்கேஸ் தாயுடையது. அவரை 'மார்கேஸ்' என்று மட்டும் குறிப்பிட்டால் தாய் வழிப் பெயரை மட்டும் சொல்கிறோம் என்று பொருள். ரொத்ரீகேஸ், பெர்னாந்தேஸ் போன்ற பெயர்களின் கடைசியில் வரும் 'ஏஸ்' என்பதும் ஒரு காலத்தில் 'இன்னாரின் மகன்' என்பதைக் குறித்தது. ரொத்ரீகோவின் மகன் ரொத்ரீகேஸ். பெர்னாந்தோவின் மகன் பெர்னாந்தேஸ். நம் இனிஷியல் அவர்களுக்குப் பெயரின் வாலில் இருந்திருக்கிறது.

மி, து, சு

என் – மி. உன் – து. அவன், அவள், அவர், அவர்கள் – எல்லாவற்றுக்கும் சு.

இவை பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வரும். 'மி காசா' என் வீடு. 'து லீப்ரோ' உன் புத்தகம். உடைமை ஒன்றுக்கு மேற்பட்டால் இந்தச் சொல்லும் பன்மையாகும்: 'மிஸ் லீப்ரோஸ்' என் புத்தகங்கள், 'துஸ் லீப்ரோஸ்' உன் புத்தகங்கள்.

இங்கேதான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். 'சுஸ்' என்று பார்த்தவுடன், பன்மை ஆயிற்றே, 'அவர்களுடைய' என்றுதான் பொருள் என்று நினைத்துவிடுகிறார்கள். அப்படியல்ல. பன்மை, உடையவரைச் சார்ந்தது அல்ல, உடைமையைச் சார்ந்தது. ஒரே ஒருவனிடம் பத்துப் புத்தகங்கள் இருந்தால் 'சுஸ் லீப்ரோஸ்'. பத்துப் பேருக்குச் சேர்ந்து ஒரே ஒரு புத்தகம் இருந்தால் 'சு லீப்ரோ'. இதை மனத்தில் இருத்திக்கொண்டால் பாதிப் பாடம் முடிந்தது.

'சு' எத்தனை சு!

'சு காசா' என்றால் அவன் வீடு, அவள் வீடு, அவர் வீடு, அவர்கள் வீடு. போதாததற்கு, மரியாதையாகப் பேசும்போது உங்கள் வீடு என்றும் பொருள்!

"இது என்ன தாத்தா, அவருடையதும் உங்களுடையதும் எப்படி ஒன்றாகும்?" என்று பேத்தி கேட்டாள். நியாயமான கேள்வி. விடை அந்த மொழியின் வரலாற்றில் இருக்கிறது. மரியாதையாக 'நீங்கள்' என்பதற்கு ஸ்பானிஷில் 'உஸ்தேத்'. இது 'புவேஸ்த்ரா மெர்செத்' என்ற பழைய தொடரின் தேய்ந்த வடிவம். அதன் பொருள் 'தங்கள் அருள்' என்பது போன்றது. எதிரே நிற்பவரை நேரே சுட்டாமல், 'தங்கள் அருள் வந்ததா? தங்கள் அருள் சாப்பிட்டதா?' என்று படர்க்கையில் வைத்துப் பேசினார்கள். அதனால்தான் 'உஸ்தேத்' இன்றும் படர்க்கை வினையையும் படர்க்கைக்குரிய 'சு'வையும் எடுத்துக்கொள்கிறது.

நமக்கு இது புதிதா? "தங்கள் கடிதம் கிடைத்தது" என்று பெரியவர்களுக்கு எழுதுகிறோமே, அந்தத் 'தங்கள்' யார்? "அவர்கள் தங்கள் வீட்டுக்குப் போனார்கள்" என்பதில் வரும் அதே படர்க்கைச் சொல்தான். மரியாதைக்காக அதை எதிரே இருப்பவருக்கு மாற்றிக்கொண்டோம். ஸ்பானிஷ்காரன் செய்ததும் அதுவே. 'தங்கள்' என்ற ஒரு சொல்லை நினைவில் வைத்துக்கொண்டால் 'சு' மிரட்டாது.

குழப்பம் வரும் இடத்தில் அவர்களே 'தெ'யின் உதவியை நாடுவார்கள். 'லா காசா தெ எல்' அவன் வீடு. 'லா காசா தெ எய்யா' அவள் வீடு. 'லா காசா தெ உஸ்தேத்' உங்கள் வீடு. (அவன் என்று பொருள்படும் 'எல்' வேறு, சுட்டாக வரும் 'எல்' வேறு. அவன் என்பதில் உயிரெழுத்தின் மேல் ஒரு சிறு கோடு போடுவார்கள். அது 'தெ'யுடன் ஒட்டாது.)

இந்தி கைகொடுக்கும் இடம்

எங்கள் என்பதற்கு 'நுவேஸ்த்ரோ'. இது எண்ணுக்கு மட்டுமல்ல, பாலுக்கும் ஏற்ப மாறும். 'நுவேஸ்த்ரோ எர்மானோ' எங்கள் சகோதரன். 'நுவேஸ்த்ரா எர்மானா' எங்கள் சகோதரி. பன்மையில் 'நுவேஸ்த்ரோஸ்', 'நுவேஸ்த்ராஸ்'.

தமிழில் எங்கள் அண்ணன், எங்கள் அக்கா, எங்கள் வீடு. 'எங்கள்' அசையாது. ஆகவே இங்கே தமிழ் உதவாது. ஆனால் கறிகாய்க் கடையிலும் பேருந்திலும் தினம் பேசும் இந்தி உதவும். 'ஹமாரா பாயி', 'ஹமாரீ பெஹன்' என்பதில் நடப்பது அப்படியே இதுதான். பேசுகிறவர் ஆணா பெண்ணா என்பது கணக்கில்லை. உடைமைச் சொல்லின் பால்தான் கணக்கு. இந்தி கற்க வந்த புதிதில் 'மேரா', 'மேரீ' என்று தடுமாறி நாம் பட்ட பாடு வீண் போகவில்லை!

ஸ்பெயின் நாட்டில் நெருங்கியவர்கள் பலரைப் பார்த்து 'உங்கள்' என்று சொல்ல 'புவேஸ்த்ரோ' என்று ஒன்று உண்டு. தென் அமெரிக்காவிலும் மெக்சிகோவிலும் அதற்குப் பதில் 'சு'தான்.

யாருடையது? என்னுடையது!

'தெ கியேன் எஸ்?' இது யாருடையது? 'எஸ் மீயோ' என்னுடையது. உன்னுடையது 'தூயோ', அவருடையது 'சூயோ'. இவை தனித்து நிற்கும் வடிவங்கள்; எல்லாமே பாலும் எண்ணும் காட்டும். வீடு பெண்பால் என்பதால் 'லா காசா எஸ் மீயா'. 'என் நண்பன் ஒருவன்' என்பதற்கு 'உன் அமீகோ மீயோ'.

சொந்தம் என்று அழுத்திச் சொல்ல 'ப்ரோபியோ' என்ற சொல்லைச் சேர்ப்பார்கள். 'மி ப்ரோபியா காசா' என் சொந்த வீடு. வாடகை வீடுகளிலேயே பாதி ஆயுளைக் கழித்த நமக்கு இன்னொரு சொல்லும் தெரிந்திருப்பது நல்லது: 'எல் துவேன்யோ தெ லா காசா'. வீட்டுக்காரர்!

எனக்கு இருக்கிறது

ஆங்கிலத்தின் 'ஹேவ்' போலத் தமிழில் ஒரு வினைச்சொல் இல்லை. எனக்கு இரண்டு பிள்ளைகள் என்கிறோம். என்னிடம் பணம் இருக்கிறது என்கிறோம். பிள்ளைகளுக்கு 'எனக்கு', பணத்துக்கு 'என்னிடம்'. இந்தியிலும் இந்த வேறுபாடு உண்டு. பிள்ளைகள் என்றால் 'மேரே', பணம் என்றால் 'மேரே பாஸ்'.

ஸ்பானிஷில் எல்லாவற்றுக்கும் 'தெனேர்' என்ற ஒரே வினை. 'தெங்கோ' என்றால் என்னிடம் அல்லது எனக்கு இருக்கிறது. உனக்கு 'தியேனெஸ்', அவருக்கும் மரியாதைக்குரிய உங்களுக்கும் 'தியேனே', எங்களுக்கு 'தெனேமோஸ்', அவர்களுக்கு 'தியேனென்'.

'தெங்கோ தோஸ் ஈஹோஸ்' எனக்கு இரண்டு பிள்ளைகள். 'தெங்கோ தினேரோ' என்னிடம் பணம் இருக்கிறது. 'தெங்கோ ஆம்ப்ரே' எனக்குப் பசி. 'தெங்கோ செத்' எனக்குத் தாகம். 'தெங்கோ பெய்ந்தே ஆன்யோஸ்' எனக்கு இருபது வயது. ஆங்கிலத்தில் நினைப்பவர்கள் 'நான் இருபதாக இருக்கிறேன்', 'நான் பசியாக இருக்கிறேன்' என்று எழுதித் திருத்து வாங்குவார்கள். 'எனக்கு' என்று நினைப்பவர்களுக்கு அந்தத் தொல்லை இல்லை. தமிழில் 'எனக்கு' என்று வருமிடத்தில் 'தெங்கோ' வருமா என்று முதலில் பாருங்கள்.

உடம்பு யாருடையது?

இப்போது பேத்தியின் தலைவலிக்கு வருவோம். உடல் உறுப்புகளுக்கு ஸ்பானிஷில் பெரும்பாலும் 'மி', 'சு' போடுவதில்லை. வெறும் 'லா காபேசா', அதாவது தலை. யாருக்கு வலிக்கிறது என்பதை 'மே' (எனக்கு), 'தே' (உனக்கு), 'லே' (அவருக்கு, உங்களுக்கு) சொல்லிவிடும். வலி எனக்கு என்று சொன்ன பிறகு, தலை யாருடையது என்று எதற்குச் சொல்ல வேண்டும்? தமிழனும் அதைத்தான் கேட்கிறான். இரண்டு கண்ணும் வலித்தால் வினையும் பன்மையாகும்: 'மே துவேலென் லோஸ் ஓஹோஸ்'. 'எனக்குக் காபி பிடிக்கும்' என்பதும் இதே அச்சில்தான்: 'மே குஸ்தா எல் கஃபே'.

இன்னொன்றையும் கவனியுங்கள். கை கழுவுவதை 'மே லாபோ லாஸ் மானோஸ்' என்பார்கள். நாம் 'கை கழுவிக்கொள்கிறேன்' என்போம். 'என் கைகளைக் கழுவுகிறேன்' என்று நாம் சொல்வதில்லை; அவர்களும் சொல்வதில்லை. நம் 'கொள்' செய்யும் வேலையை அங்கே 'மே' செய்கிறது. சட்டை போட்டுக்கொள்வது, தலை வாரிக்கொள்வது, பல் தேய்த்துக்கொள்வது எல்லாம் இதே விதம்.

சிறு பயிற்சி

வீட்டில் பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்கள். 1. என் பாட்டியின் வீடு. 2. என் அண்ணனின் புத்தகங்கள். 3. எங்கள் அம்மா. 4. இந்தப் புத்தகம் யாருடையது? 5. எனக்குக் கால் வலிக்கிறது. 6. உங்களுக்கு எத்தனை பிள்ளைகள்?

விடைகள்: 1. லா காசா தெ மி அபுவேலா. 2. லோஸ் லீப்ரோஸ் தெ மி எர்மானோ. 3. நுவேஸ்த்ரா மாத்ரே. 4. தெ கியேன் எஸ் எஸ்தே லீப்ரோ? 5. மே துவேலே லா பியேர்னா. 6. குவாந்தோஸ் ஈஹோஸ் தியேனே?

ஸ்பானிஷில் இல்லாத ஒன்று

கடைசியாக ஒரு விஷயம். 'மி காசா எஸ் சு காசா' என்ற வாசகத்தைப் பலர் கேட்டிருப்பீர்கள். என் வீடு உங்கள் வீடு. மெக்சிகோவில் ஒரு படி மேலே போய், தம் வீட்டைப் பற்றிப் பேசும்போதே 'உங்கள் வீட்டில்' என்று உபசாரமாகச் சொல்வது உண்டு. கேட்பவர் திகைத்துப் போவார், என் வீட்டில் இவருக்கு என்ன வேலை என்று.

ஆனால் அவர்களால் சொல்ல முடியாத ஒன்றை நம்மால் சொல்ல முடியும். 'நுவேஸ்த்ரா காசா' என்றால் எங்கள் வீடா, நம் வீடா? கேட்பவரும் சேர்த்தியா இல்லையா? அந்தச் சொல்லில் விடை இல்லை. 'ஹமாரா' என்பதிலும் இல்லை. ஆங்கிலத்திலும் இல்லை. தமிழில் 'எங்கள்' என்றால் நீ வெளியே. 'நம்' என்றால் நீயும் உள்ளே.

இதைச் சொல்லும்போது எனக்குள் இருந்த ஒரு சிறு குறையையும் அவளிடம் சொன்னேன். பள்ளி நாளிலிருந்தே அவள் என்னிடம், "தாத்தா, எங்க வீட்டுக்கு நாளைக்கு ஃபிரெண்ட்ஸ் வராங்க" என்பாள். பத்து வருடமாக அதே வீட்டில் இருப்பவன் நான். 'ஹமாரா'வை அவள் 'எங்க' என்று மொழிபெயர்க்கிறாள் என்பது எனக்குத் தெரியும். மனத்தில் ஒன்றும் இல்லை என்பதும் தெரியும். இருந்தாலும், ஊரிலிருந்த வீட்டை விற்றுவிட்டு மகன் வீட்டோடு வந்து சேர்ந்த கிழவனுக்கு அந்த ஒரு சொல் கேட்கும்போதெல்லாம் சுருக்கென்றுதான் இருக்கும்.

அவள் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "ஏன் தாத்தா முன்னாடியே சொல்லலை?" என்று கேட்டாள். பதில் சொல்லத் தெரியவில்லை. பிள்ளைகள் தமிழ் பேசினால் போதும், திருத்தினால் அதையும் விட்டுவிடுவார்களோ என்ற பயம் நம்மில் பலருக்கு இருக்கிறது. எனக்கும் அதுதான்.

இப்போதும் பாதி நேரம் அவளுக்கு 'எங்க வீடு' என்றுதான் வருகிறது. வந்தவுடன் நாக்கைக் கடித்துக்கொண்டு "நம்ம வீடு" என்று மாற்றிக்கொள்கிறாள். ஸ்பானிஷ் பாடமும் நடக்கிறது. சென்ற வாரம் மறுபடியும் சிவப்புக் கோடு ஒன்று வாங்கி வந்தாள். இந்தத் தடவை தவறு என்ன என்று நாங்கள் இருவரும், இல்லை, நாம் இருவரும் என்று அவளிடம் சொல்ல வேண்டும், உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறோம்.